நாற்பத்திரண்டு அடி

அத்தியாயம் 14

கண்ணகை முறைப்பாட்டுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதும், அன்று பின்னேரமே அவளுடைய அக்கா இரத்தினம்மா நாவற்குடாவுக்கு ஓடி வந்து, அழுது, கடிதத்தைத் திருப்பி வாங்கச் சொல்லி, அது நடக்காமல் போனதும் போன வாரத்துக் கதை. போகும்போது வாசலில் நின்று, "உனக்குத் தெரியாது புள்ள, இந்தக் கடிதம் கடைசியில ஆருட தலையில விழும் எண்டு..." என்று தொடங்கியவள், முடிக்காமல் ஓட்டோவில் ஏறிவிட்டாள். கண்ணகை அதை வெருட்டல் என்று எடுத்துக்கொண்டாள். வெருட்டலுக்கு அசைகிற ஆள் இல்லை அவள்.

இந்த வாரம் புதிதாகச் சேர்ந்துகொள்கிறவர்களுக்காக நாலு வரி.

கண்ணகைக்கு வயது முப்பத்தேழு. தொண்ணூற்றைந்தில், வெல்லாவெளி வட்டையில் அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, வரம்போரத்தில் புதைத்திருந்த கண்ணிவெடி அவளுடைய இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. புதைத்தது யார் என்று யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். இப்போது பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். ஊனமுற்றோர் சங்கத்துக்குச் செயலாளராகவும் இருக்கிறாள். சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கட்டிக் கொடுத்த இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள்.

அக்கா இரத்தினம்மா கல்லடியில். அவளுடைய புருசன் அருமைநாயகம் அங்கே 'சீதேவி மண்டபம்' நடத்துகிறார். சீதேவிப்பிள்ளை என்பது இரண்டு சகோதரிகளினதும் தாயின் பெயர். தாயின் வளவில் இருந்த பழைய வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு, அதே இடத்தில் எழும்பியதுதான் மண்டபம். கடல் திரும்பவும் வந்தால் என்று பயந்து, அத்திவாரத்தை ஏற்று என்று அருமைநாயகம் சொன்னார். ஏற்றினார்கள். படி ஒற்றைப்படையில் வரவேண்டும் என்றும் சொன்னார். ஏழு படி வந்தது. கண்ணகையால் இதுவரை அந்த ஏழில் ஒன்றைக்கூடத் தாண்ட முடியவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் அரசாங்க வர்த்தமானியில் ஒரு சட்டம் வந்தது. பொதுமக்கள் வந்துபோகிற கட்டடம் எதுவானாலும், ஊனமுற்றவர்கள் தாமாகவே உள்ளே போய்வர வழி இருக்கவேண்டும். பழைய கட்டடங்களுக்குத் தவணை உண்டு. புதிதாகக் கட்டியதற்குத் தவணை கிடையாது. மண்டபம் திறந்தது இரண்டாயிரத்து ஏழு தை மாதத்தில். சண்டை நடக்கிற நாட்டில் இப்படியும் ஒரு சட்டமா என்று சிரித்தவர்கள் உண்டு. கண்ணகையின் சங்கத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் அவள் மண்டபத்தின் மேல் முறைப்பாடு எழுதினாள்.

இனி, இரண்டாயிரத்து எட்டு ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமைக்குப் போவோம்.

*

காலை ஏழு மணிக்கே அருமைநாயகம் மண்டபத்து வாசலில் நின்றார். படிகளுக்குப் பக்கத்தில், புதுச் சீமெந்தின் மேல் போட்டிருந்த ஈரச் சாக்குகளை மேசன் கோணாமலை ஒவ்வொன்றாக எடுத்து உதறிக்கொண்டிருந்தார். ஒரு கிழமையாகக் கட்டிய சாய்வுப் பாதை அது. இன்றைக்குப் பத்து மணிக்கு அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து சமூக சேவை உத்தியோகத்தர் வந்து பார்ப்பதாக அறிவித்திருந்தார்.

"காஞ்சிட்டா?"

"யானையை ஏத்தினாலும் அசையாது, தம்பி."

"யானை வரல்ல அண்ணன். கச்சேரி ஆள் வாறார்."

கோணாமலை சிரித்தார். வெல்லாவெளிப் பக்கத்து அரிசி ஆலைகளில் பாதி அவருடைய கைவேலை. அத்திவாரம், நெல் காயவைக்கிற தளம், மூட்டை ஏற்றுகிற சரிவு, எதைக் கேட்டாலும் அவர் வாயாலேயே அளவு சொல்லுவார். இந்தச் சரிவையும் அப்படித்தான் கட்டினார். பன்னிரண்டு அடி நீளம். குறுக்கே சாணுக்கு ஒன்றாக, விரல் உயரத்தில், வரிசையாகச் சின்ன வரம்புகள். அதில் ஒன்றைக் காலால் தட்டிக் காட்டினார்.

"மாரி மழையிலயும் சறுக்காது. என்ட பேரைச் சொல்லும்."

அருமைநாயகம் ஏறிப் பார்த்தார், இறங்கிப் பார்த்தார். திருப்தியாக இருந்தது. கால் இருக்கிறவர் ஏறிப் பார்த்தால் எல்லாச் சரிவும் திருப்தியாகத்தான் இருக்கும்.

இரத்தினம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. முகம் வாடிப்போயிருந்தது.

"இஞ்சாருங்க. சரிவராட்டி நோட்டீசு வருமாமே. அது ஆருட பேருக்கு வரும்?"

"என்ட பேருக்குத்தான். மண்டபத்தை நடத்துறது நான்தானே?"

"சபையில பேர் பதிஞ்ச இடாப்பெல்லாம் எடுத்துப் பாப்பாங்களா?"

"என்ன இடாப்பு?"

"இல்ல, சும்மா கேட்டன்."

அருமைநாயகம் ஆறப்போட்ட தேத்தண்ணியை ஒரே இழுவையில் குடித்தார். "நீ ஒண்டுக்கும் யோசியாத. இண்டைக்கு இது முடியும். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை பகுதி காணி உறுதிப் பத்திரம் பார்க்க வாறாங்க. அதை முதல் பெட்டியால எடுத்து வெய்."

"எடுக்கிறன், எடுக்கிறன்" என்றாள் இரத்தினம்மா. கை இடுப்பில் செருகியிருந்த சாவியை, இரும்புப் பெட்டித் திறப்பை, தடவிப் பார்த்துக்கொண்டது.

இதை வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண் பிள்ளைக்குப் போகும். மாப்பிள்ளை வந்து பெண்ணுடைய வீட்டில் இருப்பார். ஆகவே வீடு பெண்ணுடையது, சத்தம் மாத்திரம் ஆணுடையது. அருமைநாயகமும் வெல்லாவெளியிலிருந்து அப்படி வந்தவர்தான். இன்னும் மூன்று கிழமையில் அவருடைய ஒரே மகள் தவமலருக்குக் கலியாணம், இதே மண்டபத்தில். மண்டபம்தான் அவளுக்குச் சீதனம் என்று பேசி, வெற்றிலையும் மாற்றியாகிவிட்டது. மாப்பிள்ளை பகுதி பார்க்க வருவது அதற்கான உறுதியைத்தான்.

*

மஜீட்டின் ஓட்டோ ஒன்பதரைக்கு வந்து நின்றது. காத்தான்குடிக்காரரான மஜீட்தான் கண்ணகை எங்கே போனாலும் கொண்டுபோகிறவர். பின்பக்கம் கட்டியிருந்த சக்கர நாற்காலியை அவிழ்த்து, விரித்து, சில்லு உருளாமல் கல் வைத்துக் கொடுத்தார். அவள் தானாகவே மாறி உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் தையலுக்கு வைத்திருக்கிற அளவு நாடா.

வாசல் படலைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு வளைவு இருக்கிறது. இரண்டு தூண், உச்சியில் தாமரை, பக்கத்துக்கு ஒரு சீமெந்து யானை. அருமைநாயகம் தானே நின்று பூசுவித்தது. பொம்பிளை மாப்பிள்ளை எல்லாரும் அதற்குக் கீழே நின்றுதான் படம் எடுப்பார்கள். கண்ணகை நாற்காலியை உருட்டிக்கொண்டு வளைவு வரைக்கும் வந்து நின்றாள். அதற்கு அங்கால் அவள் போன முறை வந்ததும் இல்லை.

போன முறை என்றால் மண்டபம் திறந்த நாள். அன்றைக்கு நாலு ஆம்பிளைகள் ஓடி வந்து, "பிடிங்க, பிடிங்க, தூக்குவம்" என்றார்கள். அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். திமிர் என்றார்கள் சிலர். அதற்கு ஆறு வருடத்துக்கு முதல் ஒரு தரம் தூக்கவிட்டிருந்தாள். தவமலர் பெரியபிள்ளையானதற்குப் பழைய வீட்டில் வைத்த சாமத்தியச் சடங்கு அது. தூக்கும்போது நாற்காலி சரிந்து, சேலை விலகி, வெட்டுப்பட்ட கால்கள் வெளியே தெரிந்தன. வீடியோக்காரன் கமராவை நிறுத்தவில்லை. அந்தக் கசெட் கடலுக்கும் தப்பி இன்றைக்கும் இரத்தினம்மாவின் அலுமாரியில் இருக்கிறது. கண்ணகைக்கு அதை நினைக்கிறபோதெல்லாம் உடம்பு கூசும்.

ஆனாலும் தவமலரின் கலியாணத்துக்குப் போகவேண்டும் என்று அவளுக்கு ஆசை. சும்மா ஆசையல்ல, வயிற்றுப் பசி மாதிரி. அந்தப் பிள்ளைக்கு அட்சரம் எழுதப் பழக்கியதும், முதல் சட்டை தைத்துப் போட்டதும் அவள்தான். மற்ற எல்லாரையும் போல முன்வாசலால், ஒருத்தர் கையும் படாமல் போகவேண்டும். அவள் எழுதிய கடிதத்தில் சட்டத்தின் இலக்கமும் திகதியும் இருந்தன. அதற்குள்ளே இருந்தது இந்த ஆசை மட்டும்தான்.

இரத்தினம்மா குடையோடு ஓடி வந்து தங்கச்சியின் தலைக்கு மேல் பிடித்தாள்.

"வெயிலுக்க நிக்கிறயே புள்ள. சாப்பிட்டயா?"

"சாப்பிட்டன்."

"தவமலர் உன்னைக் கேட்டு அழுறாள். சின்னம்மா வராட்டிக் கலியாணம் வேணாமாம்."

"அழ வேணாம் எண்டு சொல்லுங்க. வருவன். முன்வாசலால வருவன்."

"பின்பக்கம் குசினிக்கு ஒரு படிதான் இரிக்கு. அதால சுறுக்கா வரலாம். ஆரும் பாக்கமாட்டாங்க..."

"எச்சில் இலை போற வாசலக்கா அது."

இரத்தினம்மா குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பொம்புளையளை விட்டுத் தூக்க வைக்கிறன். நான் ஒரு பக்கம் பிடிக்கிறன்."

"ஆள் வச்சுத் தூக்க நான் என்ன சீதனப் பெட்டியா?"

சொன்ன பிறகு கண்ணகைக்கே சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. சீதனம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் வெளிறிப்போய், குடையைத் தங்கச்சியின் கையில் கொடுத்துவிட்டு, கிறுகித் திரும்பி விறுவிறென்று படியேறிப் போனாள். இவளுக்கு இன்றைக்கு என்ன பிடித்தது என்று கண்ணகை யோசித்தாள்.

*

உத்தியோகத்தர் ஜெயராஜா பதினொரு மணிக்குத்தான் வந்தார். பாலத்துச் சோதனைச்சாவடியில் மோட்டார்ச்சைக்கிளை நிறுத்தி, இருக்கையைக் கழற்றி, கடிதக் கோவையைக்கூட ஒற்றை ஒற்றையாகப் புரட்டிப் பார்த்தார்களாம். மனிதர் வியர்த்து விறுவிறுத்துப்போய் இருந்தார். அருமைநாயகம் மேல்படியில் நின்று கும்பிட்டார். இரத்தினம்மா அவருக்குப் பின்னால் கதவோரம். கோணாமலை கீழே, தன் சரிவுக்குப் பக்கத்தில், கழுவிய கையோடு.

"சேர் முதல் ஒரு இளநி குடியுங்க" என்றார் அருமைநாயகம்.

"வேலை முடியட்டும்." ஜெயராஜா சரிவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, கண்ணகை பக்கம் திரும்பினார். "மிஸ், நீங்கதான் ஏறிப் பாக்கணும். ஏலுமா?"

"அதுக்குத்தான் வந்தன் சேர்."

அவள் குடையை மடக்கி மடியில் வைத்துவிட்டு, நாற்காலியைப் பின்னுக்கு எடுத்து, ஒரு மூச்சு இழுத்து, வேகம் பிடித்து வந்தாள். முதல் வரம்பில் முன்சில்லு இடித்தது. தள்ளித் தாண்டினாள். இரண்டாவதில் நின்றது. கை நரம்பு புடைக்க உந்தி அதையும் தாண்டினாள். மூன்றாவதில் முன்சில்லு ஏறியது, பின்சில்லு ஏறவில்லை. நாலாவது வரம்பைப் பிடிப்பதற்குள் நாற்காலி முன்னங்காலைத் தூக்கிப் பின்பக்கமாகச் சாயத் தொடங்கியது. கோணாமலை பாய்ந்து பிடித்திராவிட்டால் தலை சீமெந்தில் அடிபட்டிருக்கும்.

மெதுவாகக் கீழே இறக்கினார்.

"தங்கச்சி, மூட்டை தூக்கிறவன்ட கால் சறுக்கப்படாது எண்டுதான் வரம்பு வச்சன். ரைஸ்மில்லுக்கு அப்பிடித்தான் வைக்கிற. சில்லு வரும் எண்டு... எனக்கு அந்த யோசினை வரல்ல புள்ள."

"உங்களில பிழையில்ல அண்ணன். உங்களுக்கு ஆரும் அளவு தரல்ல."

"நான் கேக்கவும் இல்லயே" என்றார் கோணாமலை. சொல்லிவிட்டுச் சரிவின் அடியில் குந்திக்கொண்டார்.

அருமைநாயகம் மேலிருந்தே சொன்னார்: "வரம்பைத்தானே? கொத்தி எடுத்தாச் சரி. பின்னேரத்துக்குள்ள முடிச்சிடுவார்."

"வரம்பு போனாலும் சரிவராது" என்றார் ஜெயராஜா. "செங்குத்து அப்பிடியே இரிக்கும். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேணும். அதுதான் கணக்கு."

கண்ணகை பையிலிருந்து நாடாவை எடுத்துக் கோணாமலையிடம் நீட்டினாள். அவர் ஒரு படியின் உயரத்தை அளந்தார். ஆறு அங்குலம்.

"ஏழு படி" என்றாள் கண்ணகை. "நாப்பத்திரண்டு அங்குலம். நாப்பத்திரண்டு அடி."

எல்லாரும் முற்றத்தைப் பார்த்தார்கள். படியடியிலிருந்து படலை வரைக்கும் முப்பது அடி காணும். படலையடியில் தொடங்கி, நேரே வந்து, மண்டபச் சுவரோரம் திரும்பினால் நாற்பத்திரண்டு கிடைக்கும். ஆனால் நேரே வருகிற வழியில் வளைவின் வலது தூண் நின்றது. யானையும் நின்றது.

அருமைநாயகத்துக்குக் கணக்கு விளங்கியதும் கோபம் ஏறிவிட்டது.

"வளைவை உடைக்கவா? வளைவை உடைச்சா மறுகா மண்டபத்தை ஆர் எடுப்பாங்க? என்ட புள்ளைட கலியாணத்துக்கு மூண்டு கிழமை இரிக்கு! ஒரு ஆளுக்காக நாப்பத்திரண்டு அடியா?"

"ஒரு ஆள் இல்ல அத்தான்" என்றாள் கண்ணகை. சத்தம் வைக்கவில்லை. "எங்கட சங்கத்தில மட்டும் நூத்திப் பதினொரு பேர். ஒவ்வொரு மாசமும் கூடுது. அவங்கட வீட்டிலயும் கலியாணம் நடக்கும்."

"அதுக்கு வேற மண்டபம் பாக்கட்டும்."

"எல்லா மண்டபத்திலயும் இதைத்தான் சொல்றாங்க."

ஜெயராஜா இந்தப் பேச்சுக்குள் நுழையவில்லை. வளைவு நிழலில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, கோவையை மடியில் விரித்தார். கண்ணகையும் நாற்காலியை உருட்டி அந்த நிழலுக்கு வந்தாள். பதினாலு நாள் தவணை, அதற்குள் வழி செய்யாவிட்டால் கோவை கோட்டுக்குப் போகும், தண்டத்தை நீதவான் தீர்மானிப்பார் என்று பாடம் ஒப்புவிக்கிற குரலில் சொன்னார். "கோட்டுக்குப் போனா, தீர்ப்பு வரும் வரைக்கும் மண்டபத்தைப் பூட்டி வைக்கச் சொல்லி நான் எழுதவேண்டி வரும். எனக்கு வேற வழியில்ல."

"எழுதுங்க" என்றார் அருமைநாயகம். நெஞ்சை நிமிர்த்தினார். "என்ட பேரை எழுதுங்க. அ-ரு-மை-நா-ய-கம். கோட்டுக்குப் பயந்தவன் இல்ல நான்."

"நடத்துற ஆளுக்கு இல்ல. ஆதனம், அதாவது காணி, ஆருடையதோ அவருக்குத்தான் நோட்டீசு."

"அப்ப இவட பேருக்கு. என்ட மனிசி இரத்தினம்மா. தாய்ட வளவு, தாய்க்குப் பிறகு இவக்குத்தான்."

"சேர், இளநி வெட்டி வச்சிரிக்கன்" என்று கதவோரத்திலிருந்து இரத்தினம்மா சொன்னாள். குரல் கீச்சிட்டது. "முதல் குடிச்சிட்டு எழுதுங்க. எழுத்து எங்க போகுது..."

ஜெயராஜா நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்கும் காணிக்கும் வரி கட்டுகிறவர்களின் பெயர் இருக்கிற, சபையிலிருந்து எடுத்துவந்த சோலைவரி இடாப்பின் பிரதியில் விரலை வைத்து, வரிசையாக இறக்கிக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"சீதேவிப்பிள்ளை மகள் கண்ணகை" என்று வாசித்தார். "தொண்ணூற்றாறாம் ஆண்டிலிருந்து."

வீதியில் ஒரு மீன்காரன் கூவிக்கொண்டு போனான்.

"மிஸ், உங்கட பேருக்குத்தான் இரிக்கு" என்றார் ஜெயராஜா, தவறு தன்னுடையது என்பதுபோல. "முறைப்பாட்டுக்காரியும் நீங்க. நோட்டீசும் உங்களுக்கு. இப்பிடியொண்டை இந்த இருபத்திரண்டு வருச சேவையில நான் பாக்கல்ல."

அருமைநாயகம் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவர் அப்படி வாயடைத்து நின்றதை இந்தப் பதினாலு வாரத்தில் நாங்கள் யாரும் கண்டதில்லை.

"என்னகா இது?" என்று அவளைக் கேட்டார்.

இரத்தினம்மா கதவு நிலையைப் பிடித்தபடி சரிந்து, மேல்படியில் உட்கார்ந்தாள்.

"அம்மா எழுதினவ. இவள் கொழும்பு ஆசுப்பத்திரியில கிடக்கக்குள்ள. இவளுக்கு இனிக் கலியாணம் நடக்காது, இரிக்க ஒரு இடமாவது வேணும் எண்டு சொல்லி வளவை இவள்ட பேருக்கு எழுதி, உறுதியை என்ட கையில தந்தவ. வந்ததும் குடு எண்டா. மறுகா அம்மாவும் போயிட்டா."

"உங்களுக்கு வேற காணி தந்தவதானே?" என்று கேட்டாள் கண்ணகை.

"ஓம். அந்தக் காணி உப்பு ஏறிப்போய்க் கிடந்தது. கலியாணம் கட்டாத புள்ளைக்கு வளவு எதுக்கு, தவமலருக்குத்தானே கடைசியில வரும் எண்டு நினைச்சன். சொல்லுவம் சொல்லுவம் எண்டு நாள் போச்சு. கடல் வந்து வீடும் போச்சு, உறுதி இருந்த இரும்புப் பெட்டி மட்டும் மிஞ்சிச்சு. இவர் மண்டபம் கட்டப்போறன் எண்டார். அந்த நேரம் சபையில பிளான் கேக்க, பேர் கேக்க ஆரு இருந்தா? நான் வாயைத் திறக்கல்ல. சோலைவரியையும் நானே போய்க் கட்டினன்."

"என்னட்டயும் சொல்லல்ல" என்றார் அருமைநாயகம்.

"உங்களிட்டச் சொன்னா நீங்க கட்டியிரிக்க மாட்டீங்க."

மடியில் கிடந்த அக்காவின் குடையைக் கண்ணகை எடுத்தாள். அதைப் பக்கத்தில் நிலத்தில் வைத்தாள். அவளுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது கால் போன நாளல்ல. இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு பகல். தொண்டு நிறுவனத்து வீட்டுக்காக வரிசையில் மூன்று மணித்தியாலம் இருந்து, சமாதான நீதவான் ஒருத்தருக்கு முன்னால், 'எனக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லை' என்று சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைத்தாள். அன்றைக்குச் சாட்சிக்கு வந்து பக்கத்தில் நின்று கையெழுத்து வைத்தவள் அக்கா. பத்திரத்தை ஊதி மை காயவைத்ததும் அக்காதான்.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. எல்லாரும் பார்த்திருக்க ஒரு நிமிடம் அழுதுவிட்டு நிறுத்தினாள்.

ஜெயராஜா பேனையை மூடினார். "மிஸ், வேணுமெண்டா நான் இதை அடுத்த கிழமைக்குத் தள்ளி வைக்கிறன். நீங்க குடும்பமாப் பேசிக் கதைச்சு..."

"இல்ல சேர். எழுதுங்க."

"உங்கட பேருக்கு."

"என்ட பேருக்குத்தான். பதினாலு நாள். எங்க கையெழுத்து வைக்கிற?"

அவர் எழுதினார். அவள் வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை ஒரு சொல் விடாமல் வாசித்து, கையெழுத்து வைத்தாள். ஊனமுற்றவர் உள்ளே போக வழி வைக்காத குற்றத்துக்காக, கால் இரண்டும் இல்லாத கண்ணகைக்கு அறிவித்தல் கிடைத்தது என்று அந்தக் கோவையில் இன்றைக்கும் இருக்கும். ஜெயராஜா மோட்டார்ச்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படலையைத் தாண்டியபோது வெட்டி வைத்த இளநியை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

கண்ணகை பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"கோணாமலை அண்ணன்."

"சொல்லு புள்ள."

"வளைவை உடைக்க எத்தின நாள் செல்லும்?"

கோணாமலை எழும்பினார். பழக்கத்தில் அருமைநாயகத்தைத்தான் முதலில் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"உடைக்க ஒரு நாள் காணும். நாப்பத்திரண்டு அடி கட்டி முடிக்கத்தான் பத்து நாள்."

"வரம்பு இல்லாம."

"வரம்பு இல்லாம" என்றார் கோணாமலை.

அருமைநாயகம் மேல்படியில் அசைந்தார். மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், வீதியில் போகிறவர்கள் பார்க்கிறார்களா என்றும் பார்த்தார். மஜீட் ஓட்டோவுக்குள் வேறு எங்கோ பார்க்கிற பாவனையில் இருந்தார். வெள்ளிக்கிழமை உறுதி பார்க்க வருகிறவர்களின் முகங்கள் எல்லாம் அருமைநாயகத்தின் கண்ணுக்கு முன்னால் வந்துபோயிருக்கவேண்டும். தொண்டையைச் செருமினார். இருபத்தைந்து வருடமாக 'வா', 'போ' என்று கூப்பிட்ட மச்சாளை முதல் தடவையாக 'வாங்க' என்றார்.

"மச்சாள், இது முத்தத்தில நிண்டு பேசிற விசயம் இல்ல. உள்ளுக்கு வாங்க, இருந்து கதைப்பம். நானும் கோணாமலை அண்ணனும் கதிரையோட பிடிச்சு மெதுவாத் தூக்குறம்."

கண்ணகை சில்லுகளின் பூட்டை இரண்டு பக்கமும் இறக்கினாள். நாற்காலி வளைவுக்குக் கீழே அசையாமல் நின்றது.

"வேணாம் அத்தான்" என்றாள். "நீங்க இறங்கி வாங்க."

அருமைநாயகம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஏழு படியையும் இறங்கி, வெயிலுக்குள் வந்து, அவளுக்கு முன்னால் நின்றார்.

இரத்தினம்மா இறங்கவில்லை. மேல்படியில் உட்கார்ந்தபடியே இடுப்பிலிருந்த பெட்டித் திறப்பை இழுத்தெடுத்து, அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முற்றத்தில் நின்ற இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.